சிறுகுடலில் எடுத்த பொலிப் புற்றுநோய் இல்லையென்றால், குடும்பத்தில் மற்றவர்களையும் ஏன் பார்க்கவேண்டும்?

திருகோணமலையிலிருந்து எழுதியிருக்கும் சகோதரரின் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அவருடைய 24 வயதுத் தங்கைக்கு இரவில் வயிற்றுக்குத்தும் வாந்தியும் வந்து, குடல் அடைபட்டிருப்பதைக் கண்டு அவசரமாகச் சத்திரசிகிச்சை செய்திருக்கிறார்கள். சிறுகுடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் செருகிக் கிடந்ததால் இடைச்சிறுகுடலில் ஒரு துண்டை வெட்டி எடுக்கவேண்டி வந்திருக்கிறது. அதற்குள் 3 சென்ரிமீற்றர் அளவில், காம்புள்ள ஒரு பொலிப், அதாவது குடலின் உட்சுவரிலிருந்து உள்நோக்கி வளரும் கட்டி, இருந்திருக்கிறது. பிறகு வந்த நோயியல் அறிக்கையில் “பொயிட்ஸ்–ஜெகர்ஸ் வகை ஹமார்ட்டோமாப் பொலிப், புற்றுநோய் மாற்றம் எதுவும் இல்லை” என்று எழுதியிருக்கிறது. ஹமார்ட்டோமா என்றால், அந்த இடத்துக்குரிய இழையமே ஒழுங்குகுலைந்து வளர்ந்த கட்டி. வீட்டில் எல்லோரும் நிம்மதியடைந்த பிறகு, கிளினிக்கில் சத்திரசிகிச்சை நிபுணர் “சகோதரங்களையும் பார்க்கவேண்டும்” என்று சொன்னதால் குழம்பிப்போயிருக்கிறார்கள். புற்றுநோய் இல்லையென்றால் பிறகு என்ன இருக்கிறது என்பதுதான் அவர் வெளிப்படையாகக் கேட்டது. ஆனால் கடிதத்தின் பின்பாதியில்தான் உண்மையான கவலை தெரிகிறது: இது பரம்பரையாக வந்ததா, தானும் கணவரும் மச்சான்–மச்சாள் முறையில் கட்டியதால் வந்ததோ என்று நினைத்து அழுகிற விதவைத் தாய்க்கு என்ன சொல்வது, 2006இல் சம்பூரிலிருந்து இடம்பெயர்ந்து முகாமில் இருந்தபோது வயிற்றுக்குத்து வந்து இறந்த தகப்பனுக்கும் இதுதானோ, தன்னுடைய ஆறு வயது மகனை என்ன செய்வது, தங்கைக்குப் பேசியிருக்கும் கலியாணத்தில் இதைச் சொல்லவேண்டுமா.

நான் நோயியல் நிபுணராகப் பல வருடம் அரச வைத்தியசாலைகளில் வேலை செய்தவன். நோயாளியை நேரில் பார்ப்பதைவிட, அவரிடமிருந்து எடுத்த இழையத்தை நுணுக்குக்காட்டியில் பார்ப்பதே என் தொழிலாக இருந்தது. ஆகவே பொலிப்பைப் பற்றி நான் சொல்வதை உறுதியாக எடுத்துக்கொள்ளலாம். தங்கையின் உடலைப் பரிசோதித்தோ அவருடைய கண்ணாடித் தகட்டைப் பார்த்தோ நான் இதை எழுதவில்லை என்பதால், அவருக்குப் பொயிட்ஸ்–ஜெகர்ஸ் என்ற பரம்பரை நோய் இருக்கிறது அல்லது இல்லை என்ற தீர்ப்பை என்னிடம் எதிர்பார்க்கக்கூடாது. அதை எப்படித் தீர்மானிப்பார்கள், எந்த ஒழுங்கில் போகவேண்டும் என்பதைத்தான் சொல்லமுடியும்.

நோயியல் அறிக்கை என்பது வெட்டி எடுத்த அந்தக் கட்டியைப் பற்றியது மட்டுமே. அந்தக் கட்டி புற்றுநோயாக மாறியிருந்ததா என்ற கேள்விக்கு அது பதில் சொல்லிவிட்டது, அந்தப் பதில் நல்ல பதில். அப்படிப்பட்ட ஒரு கட்டி அந்த வயதில், அந்த இடத்தில் ஏன் வளர்ந்தது என்பது வேறு கேள்வி. சிறுகுடலில் புற்றுநோயல்லாத கட்டிகள் பல வகை. பின்சிறுகுடலில் கொழுப்புக் கட்டி வரலாம்; அதற்குப் பெரும்பாலும் பரம்பரைக் காரணம் தேட வேண்டியதில்லை. முன்சிறுகுடலின் தொடக்கத்தில் இருக்கும் புறுன்னர் சுரப்பிகள் தடித்துக் கட்டிபோலத் தெரியலாம், அதுவும் அப்படியே. அழற்சிசார் நார்ப் பொலிப் என்று ஒன்று இருக்கிறது, அதில் பி.டி.ஜி.எவ்.ஆர்.ஏ. என்ற பரம்பரையலகில் (ஜீனில்) விகாரம், அதாவது பழுது, காணப்படுவது வழக்கம், ஆனால் பொதுவாக அந்த விகாரம் கட்டியின் கலங்களில் மட்டும் பிறகு ஏற்பட்டது, தாய் தகப்பனிடமிருந்து வந்ததல்ல. சின்னப் பிள்ளைகளின் பின்சிறுகுடல் முடிவில் நிணநீர் இழையம் மேடுமேடாகத் தெரிவதைப் பொலிப் என்று பயந்து அனுப்புவார்கள். அது அநேகமாக அந்த வயதின் இயல்பு. இவற்றில் ஏதாவது ஒன்று உங்கள் தங்கையின் அறிக்கையில் எழுதப்பட்டிருந்தால் சகோதரங்களைக் கூப்பிடும் பேச்சே வந்திருக்காது. வந்ததற்குக் காரணம், அந்த அறிக்கையில் “பொயிட்ஸ்–ஜெகர்ஸ் வகை” என்று இருப்பதுதான். குடலில் பொலிப்புகளும் உதட்டிலும் வாயிலும் கரும்புள்ளிகளும் வரும், அதே பெயருடைய பரம்பரை நோயின் அடையாளமாக அது இருக்கலாம்.

அந்த வகையை நாங்கள் எப்படி அடையாளம் காண்கிறோம் என்பதைச் சொன்னால், அந்த அறிக்கையில் எவ்வளவு நம்பிக்கை வைக்கலாம் என்பது விளங்கும். குடலின் உட்சுவரான சீதமென்சவ்வுக்கு அடியில் மெல்லிய தசைப் படை ஒன்று உண்டு. இந்தப் பொலிப்பில் அந்தத் தசை, காம்பு வழியாக மேலேறி, இளஞ்சிவப்பு நிறத்தில் கிளைவிட்டுக் கிளைவிட்டு விளிம்புவரைக்கும் மெலிந்துகொண்டே போகும். அந்தக் கிளைகளை மூடியிருக்கும் சீதமென்சவ்வோ முழுக்க முழுக்க அந்த இடத்துக்கே உரியது. சடைமுளைகளும் சுரப்பிகளும் கலங்களும் இருக்கவேண்டியபடியே இருக்கும், ஒழுங்கு மட்டுந்தான் குலைந்திருக்கும். பெரிய பொலிப்பை நடுவால் வெட்டிச் செய்த தகட்டில் இதைப் பார்த்தால் வேறெதனுடனும் குழப்பிக்கொள்ள வாய்ப்புக் குறைவு. சிறுகுடலில் இந்தத் தோற்றம் நன்றாகத் தெரியும்; இரைப்பையிலோ பெருங்குடலிலோ எடுத்த சிறு துணுக்கில் அவ்வளவு தெளிவாகத் தெரியாது. இன்னொரு விடயத்தையும் சொல்லவேண்டும். இந்தப் பொலிப் குடலை இழுத்து இழுத்து அழுத்துவதால், சில வேளைகளில் சுரப்பிகள் தசைச் சுவருக்குள்ளேயே தள்ளப்பட்டுக் கிடக்கும். சிறுகுடலில் ஏறத்தாழ பத்துக்கு ஒரு பொலிப்பில் இப்படி இருக்கும். அனுபவம் குறைந்த கண்ணுக்கு அது சுவரை ஊடுருவிய புற்றுநோய்போலவே தெரியும். கலங்கள் இயல்பாக இருக்கின்றனவா, சுரப்பியைச் சுற்றி அதற்குரிய மென்னிழையமும் சேர்ந்தே இறங்கியிருக்கிறதா என்று பார்த்துத்தான் பிரித்தறிய வேண்டும். உங்கள் அறிக்கையில் புற்றுநோய் இல்லை என்று தெளிவாக எழுதியிருப்பதால் அந்தப் பிரச்சினை இங்கே எழவில்லை. ஆயினும் மெழுகுக் கட்டியில் பதித்த இழையத்தை ஆய்வுகூடம் வைத்திருக்கும். கொழும்பிலோ கண்டியிலோ இரண்டாவது கருத்துக் கேட்க விரும்பினால் அதைக் கேட்டு வாங்கலாம் என்பதைத் தெரிந்து வைத்திருங்கள்.

செருகல் எப்படி வருகிறது என்பதையும் கேட்டிருந்தீர்கள். உண்ட உணவைத் தள்ளுவதுபோலவே குடல் இந்தக் கட்டியையும் தள்ளப் பார்க்கும். கட்டியோ காம்பால் சுவரில் ஒட்டியிருக்கிறது. ஆகவே சட்டைக் கையின் நுனியைப் பிடித்து உள்ளே இழுத்தால் கை தனக்குள்ளேயே மடிந்து போவதுபோல, கட்டியோடு சேர்ந்து குடற்சுவரும் முன்னால் உள்ள குடலுக்குள் நுழைந்துவிடும். உள்ளே போன துண்டின் குருதிக்குழாய்களும் நெரிபடுவதால்தான் இது மணித்தியாலங்களில் ஆபத்தாகிறது. இந்த நோயுள்ளவர்களில் பாதிப்பேர்வரை இருபது வயதுக்குள் ஒரு தடவையாவது செருகலைச் சந்திக்கிறார்கள். தங்கை ஓ.எல். படித்த காலத்திலிருந்தே குருதிச்சோகை என்று இரும்புச்சத்துக் குளிசை குடித்து வந்தார், மாதவிடாயால் என்று நினைத்தோம் என்று எழுதியிருக்கிறீர்கள். மாதவிடாயும் காரணமாக இருந்திருக்கலாம். நம் பெண்பிள்ளைகளில் அது சாதாரணம். ஆனால் பெரிய பொலிப்பின் மேற்பரப்பிலிருந்து கண்ணுக்குத் தெரியாமல் குருதி கசிந்துகொண்டே இருப்பதும் இந்த நோயின் வழக்கமான போக்கு. குளிசை குடித்தும் ஏறாத, ஏறியும் நிற்காத குருதிச்சோகைக்கு மாதவிடாயை மட்டும் காரணம் காட்டி வருடக்கணக்கில் விடுவது சரியல்ல என்பது என் கருத்து. கருவாடு, கொச்சிக்காய், முகாமில் குடித்த கிணற்றுத்தண்ணீர் ஆகியவற்றைப் பற்றி உங்கள் உறவினர்கள் சொல்வதில் இந்த நோயைப் பொறுத்தவரை எந்த உண்மையும் இல்லை.

இனி, ஒரு பொலிப் கிடைத்தால் மட்டும் நோய் உறுதியாகிவிடுமா? இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல் இதுதான்: நுணுக்குக்காட்டியில் உறுதிசெய்த இந்த வகைப் பொலிப் மூன்றோ மேலோ இருந்தால் வேறெதுவும் இல்லாமலே நோய் உறுதி, ஒன்று இருந்தாலும் நெருங்கிய உறவினர் ஒருவருக்கு இந்நோய் இருந்தாலோ, அந்த நபருக்கே இதற்குரிய கரும்புள்ளிகள் இருந்தாலோ உறுதி, பொலிப்பே காணாவிட்டாலும் புள்ளிகளும் குடும்ப வரலாறும் சேர்ந்திருந்தால் உறுதி. புள்ளிகளும் இல்லாமல், குடும்ப வரலாறும் இல்லாமல், ஒரேயொரு பொலிப் மட்டும் வருகிறவர்களை எப்படிக் கொள்வது என்பதில் நிபுணர்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை. சிலர் அதைத் தனி நிகழ்வு என்கிறார்கள், சிலர் இன்னும் வெளிப்படாத அதே நோய் என்று கருதிக் கண்காணிக்கச் சொல்கிறார்கள். நான் இரண்டாவது பக்கத்துக்கே சாய்வேன், குறிப்பாக இளம் வயதில்.

உங்கள் தங்கைக்குச் சிறுவயதில் கீழுதட்டில் கரும்புள்ளிகள் இருந்து மறைந்துவிட்டன என்று நீங்கள் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறீர்கள். எனக்கு உங்கள் கடிதத்தில் மிக முக்கியமாகப் பட்ட வரி அது. இந்தப் புள்ளிகள் பெரும்பாலும் ஐந்து வயதுக்குள் உதட்டிலும், வாய்க்குள் கன்னத்தின் உட்பக்கத்திலும், விரல்களிலும், கண், மூக்கு ஓரங்களிலும் தோன்றும். பருவமடைந்த பிறகு உதட்டில் இருப்பவை மங்கிப்போகும். கன்னத்தின் உள்ளே இருப்பவை பெரும்பாலும் நிலைத்துவிடும். ஆகவே பகல் வெளிச்சத்தில் ஜன்னலருகே நிற்கவைத்து, கன்னத்தை விரலால் விலக்கி, கைத்தொலைபேசி விளக்கில் உட்பக்கத்தைப் பாருங்கள். ஓரிரண்டு மில்லிமீற்றர் முதல் ஐந்து மில்லிமீற்றர்வரையான, தட்டையான, கருநீலம் அல்லது மண்ணிறப் புள்ளிகளைத் தேடவேண்டும். நம்மவர்களுக்கு முரசில் இயற்கையாகவே கருமை படர்ந்திருக்கும், வெற்றிலை போடுகிறவர்களுக்குக் கன்னத்திலும் கறை இருக்கும். அவை படலமாக இருக்கும், புள்ளிபுள்ளியாக இருக்காது. பழைய படங்களையும் தேடி எடுங்கள். சாமத்தியவீட்டு அல்பம் இதற்கு உதவாது, எல்லா முகத்திலும் உதட்டுச்சாயம் இருக்கும். முதலாம் வகுப்பில் சேர்க்க எடுத்த படம் மிஞ்சியிருந்தால் அது பெறுமதியான சான்று. ஆனால் வளர்ந்த பிறகு புதிதாக இப்படிப் புள்ளிகள் வரும், குடலோடு தொடர்பேயில்லாத இன்னொரு நிலையும் உண்டு. அதனால் புள்ளியை மட்டும் பார்த்து வீட்டிலேயே முடிவு கட்டவேண்டாம்.

இந்தப் புள்ளிகளுக்கும் குடலுக்கும் தொடர்பு இருப்பதைக் கண்டுபிடித்த கதை கொஞ்சம் சுற்றுவழியானது, ஆனால் உங்கள் கேள்விக்குத் தேவையானது. 1895இல் இலண்டனில் கொன்னர் என்ற வைத்தியர், உதட்டில் ஒரே மாதிரிக் கரும்புள்ளிகள் கொண்ட இரட்டைச் சகோதரிகளைப் பதிவு செய்தார். அடுத்த வருடம் ஹச்சின்சன் அவர்களுடைய படத்தை வெளியிட்டார். இருவருக்கும் புள்ளிகள் இருந்தன என்பதற்கு மேல் அன்று யாருக்கும் ஒன்றும் தெரியாது. பின்னாளில் தெரிய வந்தது, ஒருத்தி 20 வயதில் குடற்செருகலால் இறந்தாள், மற்றவள் நடுவயதைக் கடந்து வாழ்ந்து மார்பகப் புற்றுநோயால் இறந்தாள் என்பது. 1921இல் நெதர்லாந்தில் பொயிட்ஸ் ஒரே குடும்பத்தில் புள்ளிகளும் குடற்பொலிப்பும் சேர்ந்தே கடத்தப்படுவதை எழுதினார். 1949இல் அமெரிக்காவில் ஜெகர்ஸ் தம் சகாக்களுடன் பல நோயாளிகளை வைத்து அதை நிறுவினார். பொயிட்ஸ் எழுதிய அதே குடும்பத்தை 78 வருடங்களுக்குப் பிறகு, 1999இல் மீண்டும் ஆராய்ந்து வெளியிட்டார்கள். குடலடைப்பும் புற்றுநோயும் அந்தக் குடும்பத்தினரின் ஆயுளைக் குறைத்திருந்தன. ஒரே பரம்பரையலகைச் சுமந்த இரட்டையர்களுக்கே நோய் இருவேறு வழியில் வந்தது என்றால், உங்கள் வீட்டில் ஒருவருக்கு வந்ததுபோலத்தான் மற்றவருக்கும் வரும் என்று எதிர்பார்க்க இடமில்லை.

தகப்பன் விடயம் மனதைத் தொடுகிறது. முகாமில் வயிற்றுக்குத்து வந்து, மூதூருக்கும் கொண்டுபோக முடியாமல், ஒரு நாளைக்குள் இறந்தார், ஒரு துண்டுக் காகிதமும் கையில் இல்லை என்கிறீர்கள். கிழக்கில் அந்த வருடங்களைக் கடந்து வந்த பல குடும்பங்களின் மருத்துவ வரலாறு இப்படித்தான் அறுந்து கிடக்கிறது. 40 வயது மனிதருக்குத் திடீரென்று வயிற்றுக்குத்து வந்து சாவதற்கு வெடித்த அப்பென்டிக்ஸ், துளைவிழுந்த இரைப்பைப் புண், கணைய அழற்சி, மாரடைப்பு என்று செருகலைவிடச் சாதாரணமான காரணங்கள் நிறைய உண்டு. ஆகவே அதைக் குடும்ப வரலாறு என்று கணக்கில் சேர்க்க முடியாது. சந்தேகத்தைக் கூட்டும் செய்தியாகக் கிளினிக்கில் சொல்லலாம். அவருடைய உதட்டில் அல்லது விரல்களில் புள்ளிகள் இருந்ததா என்று அம்மாவிடமும் தகப்பனின் சகோதரங்களிடமும் கேளுங்கள். மாமி ஒருவர் “ஓம், அவனுக்குச் சின்னனிலை இருந்தது” என்றால், அது எந்த ஸ்கானுக்கும் குறைந்த தகவல் அல்ல.

இந்த நோய்க்குக் காரணமான பரம்பரையலகு 19ஆம் நிறமூர்த்தத்தின் குறுங்கரத்தில் இருக்கிறது, 1998இல் கண்டுபிடிக்கப்பட்டது, பெயர் எஸ்.ரி.கே.11, எல்.கே.பி.1 என்றும் சொல்வார்கள். அது உருவாக்கும் நொதியம், கலத்தில் சக்தி குறையும்போது வளர்ச்சியை அடக்கி வைக்கும் சங்கிலியைத் தொடக்கி வைக்கிறது. கலம் எந்தப் பக்கம் மேல், எந்தப் பக்கம் கீழ் என்ற ஒழுங்கைக் காப்பதிலும் அதற்குப் பங்குண்டு. இரண்டு பிரதிகளில் ஒன்று பிறவியிலேயே கெட்டிருந்தால் போதும், நோய் வரும். இதைத்தான் ஆட்சியுடைய பரம்பரை என்கிறோம்: நோயுள்ள தாயிடமிருந்தோ தகப்பனிடமிருந்தோ ஒவ்வொரு பிள்ளைக்கும், ஆணென்றாலும் பெண்ணென்றாலும், கடத்தப்படும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. உங்கள் தாயின் கேள்விக்கு இதிலேயே விடை இருக்கிறது. சொந்தத்தில் கட்டியதற்கும் இந்த நோய்க்கும் தொடர்பு கிடையாது, ஏனெனில் இரண்டு பக்கமும் ஒரே பழுது வந்து சேரவேண்டிய தேவை இங்கே இல்லை. அம்மாவிடம் இதைத் தயங்காமல் சொல்லுங்கள். தாய்க்கும் தகப்பனுக்கும் இல்லாமல், கருவுண்டாகும்போதே புதிதாக விகாரம் ஏற்பட்டு வருகிறவர்களும் கணிசமாக இருக்கிறார்கள்.

சொந்தத் திருமணம் பொருட்படுத்தத்தக்க குடற்பொலிப் நோய் ஒன்று உண்டு, அது வேறு. 2002இல் அறியப்பட்ட எம்.யூ.ரி.வை.எச். என்ற பரம்பரையலகில் இரண்டு பிரதிகளும் கெட்டால்தான் அது வரும். தாய் தகப்பன் இருவரும் நோயில்லாத காவிகளாக இருப்பார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. அதில் வருபவை அடினோமாப் பொலிப்புகள், பெரும்பாலும் பெருங்குடலிலும் சிலருக்கு முன்சிறுகுடலிலும். 5ஆம் நிறமூர்த்தத்தில் உள்ள ஏ.பி.சி. என்ற பரம்பரையலகு கெட்டால் வரும் நோயிலும் பெருங்குடல் நிறைய அடினோமாக்கள் இருக்கும். காலம் செல்ல அநேகமாக எல்லோருக்கும் முன்சிறுகுடலிலும் வரும். அடினோமாவுக்கும் ஹமார்ட்டோமாவுக்கும் உள்ள வேறுபாடு சாதாரணமானதல்ல: அடினோமா இன்று புற்றுநோய் இல்லையென்றாலும் புற்றுநோய்க்குப் போகும் பாதையில் நிற்கும் கட்டி. உங்கள் அறிக்கையில் அடினோமா என்ற பேச்சு இல்லாததால் அந்தப் பக்கம் விரிவாகப் போகவில்லை.

பரிசோதனையை எங்கிருந்து தொடங்குவது என்பதில்தான் பணமும் காலமும் அதிகம் வீணாகிறது. உங்களுக்கோ மகனுக்கோ முதலில் செய்யக்கூடாது. தங்கைக்குத்தான் முதலில் செய்யவேண்டும். அவருடைய குருதியில் விகாரம் இன்னதென்று கண்டுபிடித்துவிட்டால், மற்றவர்களுக்கு அந்த ஒரு இடத்தை மட்டும் பார்த்தாலே ஆம் அல்லது இல்லை என்று தெளிவாகச் சொல்லமுடியும். அப்போது உங்களுக்கு இல்லையென்று வந்தால் உங்கள் மகனுக்கு எதுவும் தேவையில்லை, விடயம் அத்துடன் முடிந்தது. மாறாக உங்களுக்கு முதலில் செய்து ஒன்றும் இல்லையென்று வந்தால், உங்களுக்கு உண்மையிலேயே இல்லையா, அல்லது குடும்பத்தில் உள்ள பழுதைச் சோதனை பிடிக்கவில்லையா என்று யாராலும் சொல்ல இயலாது. இதற்கு வேண்டியது சாதாரணக் குருதி மாதிரிதான். வெட்டி எடுத்த குடல் அல்ல. கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் மனிதப் பரம்பரையியலுக்கென்று பிரிவு இருக்கிறது. உங்கள் நிபுணரின் கடிதத்தோடு அங்கே ஆலோசனை கேட்கலாம். எங்கே செய்தாலும் ஒன்றைக் கேட்டு உறுதிப்படுத்துங்கள்: எழுத்துவரிசையைப் படிப்பது மட்டுமா, பரம்பரையலகின் பெரிய துண்டு காணாமல் போயிருக்கிறதா என்றும் பார்ப்பார்களா? எஸ்.ரி.கே.11 விகாரங்களில் குறிப்பிடத்தக்க பங்கு இப்படிப்பட்ட பெரிய இழப்புகள். வரிசையை மட்டும் படித்தால் அவை தப்பிவிடும். இரண்டையும் செய்தால், அளவுகோலின்படி நோய் உறுதியானவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் காரணம் கிடைக்கிறது. கிடைக்காவிட்டாலும் நோய் இல்லையென்று ஆகாது. “பொருள் நிச்சயமற்ற மாற்றம்” என்று ஒரு முடிவு வந்தால், அதை வைத்து யாருக்கும் நோய் உண்டென்றோ இல்லையென்றோ தீர்மானிக்கக் கூடாது. தெற்காசிய மக்களின் பரம்பரையலகுத் தரவுகள் ஐரோப்பியர்களுடையதைவிடக் குறைவாக இருப்பதால் நமக்கு இப்படியான முடிவு சற்று அதிகமாகவே வரும்.

புற்றுநோய் ஆபத்தைப் பற்றி இணையத்தில் வாசித்துப் பயந்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். உறுதியானது இது: இந்த நோயுள்ளவர்களுக்கு வாழ்நாளில் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட மிகவும் அதிகம், அது குடலில் மட்டுமல்ல, மார்பகம், கணையம், சூலகம், கருப்பைக் கழுத்து, ஆண்களுக்கு விதை என்று பல இடங்களில். 2006இல் 419 நோயாளிகளை வைத்து வெளியான ஆய்வில், 30 வயதுக்குள் 5 வீதத்தினருக்கும், 50 வயதுக்குள் 31 வீதத்தினருக்கும், 70 வயதுக்குள் 85 வீதத்தினருக்கும் ஏதாவதொரு புற்றுநோய் வரும் என்று கணித்தார்கள். அந்தக் கடைசி எண்ணைத்தான் நீங்கள் வாசித்திருப்பீர்கள். இந்த எண்கள் எப்படி வந்தன என்பதையும் பார்க்கவேண்டும். பெரிய வைத்தியசாலைகளின் பதிவேடுகளில் நோய் கடுமையாக வந்தவர்களே அதிகம் சேர்வார்கள். இலேசாக வந்து வீட்டிலேயே இருந்தவர்கள் சேரமாட்டார்கள். ஆகவே உண்மையான வீதம் அதைவிடக் குறைவாக இருக்க இடமுண்டு. எவ்வளவு குறைவு என்பதில்தான் கருத்து வேறுபாடு. இந்தப் பொலிப்பே நேரடியாகப் புற்றுநோயாக மாறுகிறதா, அல்லது பொலிப் ஒரு பக்கமும் புற்றுநோய் இன்னொரு பக்கமுமாக ஒரே பழுதிலிருந்து வருகின்றனவா என்பதும் இன்னும் தீராத விவாதம். பொலிப்பில் புற்றுநோய் மாற்றத்தைக் காண்பது அரிது என்பது பலருடைய அனுபவம், என்னுடையதும் அதுதான். அந்த எண்களில் உங்கள் தங்கையின் வயதில் உள்ளவர்களுக்கான பங்கைப் பாருங்கள்: அண்மைய வருடங்களில் அவரைத் தாக்கக்கூடியது புற்றுநோயைவிட இன்னொரு செருகல்தான்.

ஆகவே முதல் வேலை, மிச்சமிருக்கும் குடலில் வேறு பொலிப் இருக்கிறதா என்று பார்ப்பது. வாய்வழி எண்டஸ்கொப்பி முன்சிறுகுடலோடு நின்றுவிடும். கீழ்வழி கொலனோஸ்கொப்பி பின்சிறுகுடலின் கடைசி முனையைத்தான் தொடும். நடுவில் பல மீற்றர் நீளம் பார்க்காமலே கிடக்கும். “எண்டஸ்கொப்பி செய்தாயிற்று, ஒன்றுமில்லை” என்று யாராவது சொன்னால் அது அந்த நடுப்பகுதியைப் பற்றிய செய்தியல்ல. அதற்குக் கமெரா வைத்த மாத்திரையை விழுங்கவைத்துப் பார்க்கலாம், அல்லது குடலுக்கென்று தயார்செய்து எடுக்கும் எம்.ஆர்.ஐ. ஸ்கான் செய்யலாம். மாத்திரை சிறிய பொலிப்புகளை நன்றாகக் காட்டும், ஆனால் இடைச்சிறுகுடலின் தொடக்கத்தில் வேகமாக ஓடிவிடுவதால் சில வேளை பெரியதையே தவறவிடும். சத்திரசிகிச்சை செய்த இடம் ஒடுங்கியிருந்தால் அங்கே சிக்கிக்கொள்ளவும் கூடும், அதனால் தங்கைக்கு எம்.ஆர்.ஐ. முதலில் செய்வதே எனக்குச் சரியாகப் படுகிறது. சீ.ரி. ஸ்கானும் காட்டும், ஆனால் வாழ்நாள் முழுக்கத் திரும்பத் திரும்பப் பார்க்கவேண்டிய இளம் பெண்ணுக்குக் கதிர்வீச்சைச் சேர்த்துக்கொண்டே போவது நல்லதல்ல. இவற்றில் சிலவற்றுக்குத் திருகோணமலையிலிருந்து கொழும்புவரை போகவேண்டி வரலாம்; சாதாரண கிளினிக் திகதிக்குக் காத்திருந்து, நிபுணரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு போனால் தனியாருக்குக் கொடுக்கும் காசு மிஞ்சும். 15 முதல் 20 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட பொலிப் இருந்தால் அறிகுறி வரும்வரை பார்த்திராமல் எடுத்துவிடவேண்டும் என்பது இன்றைய ஐரோப்பிய வழிகாட்டல். யப்பானில் யமமோட்டோ உருவாக்கிய இரட்டைப் பலூன் கருவியால், வயிற்றைத் திறக்காமலே உள்ளே போய் அதை வெட்டமுடியும். ஒன்றுமில்லை என்று வந்தாலும் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை மீண்டும் பார்க்கவேண்டும். நோய் உறுதியானால் 30 வயதளவில் மார்பகத்துக்கு வருடாந்த எம்.ஆர்.ஐ.யும் சேரும்.

மகனுக்கு ஆறு வயது. அறிகுறி இல்லாத பிள்ளைகளுக்கு முதல் பரிசோதனையை எட்டு வயதில் வைக்கச் சொல்கிறார்கள். அதற்குள் தங்கையின் முடிவும் உங்கள் முடிவும் வந்துவிடும். இப்போது அவனுடைய உதட்டையும் கன்னத்தின் உட்பக்கத்தையும் பாருங்கள், அதற்கு மேல் ஒன்றும் செய்யவேண்டாம். புள்ளிகள் இருந்தாலோ, வயிற்றுவலி வந்து வந்து போனாலோ, குருதிச்சோகை இருந்தாலோ எட்டு வயதுவரை காத்திருக்கக் கூடாது.

கலியாணத்தைப் பற்றி: நோய் இன்னும் உறுதியாகவில்லை, உறுதியாகும் முன் ஊருக்குச் சொல்லவேண்டிய கடமை யாருக்கும் இல்லை. உறுதியானால் மாப்பிள்ளைக்குச் சொல்லத்தான் வேண்டும், ஆனால் அதைச் சொல்லவேண்டியவர் தங்கைதான், நீங்களோ தரகரோ அல்ல. அவர் பிள்ளை பெறுவதற்கு இந்த நோய் தடையல்ல. பாதிக்குப் பாதி என்ற கணக்கை இருவரும் சேர்ந்து ஒரு பரம்பரையியல் ஆலோசகரிடம் கேட்டு விளங்கிக்கொள்ளலாம். கர்ப்பத்துக்கு முன்பே குடலைப் பார்த்துப் பெரிய பொலிப்புகளை எடுத்துவைப்பது புத்திசாலித்தனம், ஏனெனில் வயிற்றில் பிள்ளையோடு செருகல் வந்தால் கண்டுபிடிப்பதும் கடினம், வெட்டுவதும் கடினம்.

கடைசியாக ஒரு நடைமுறை விடயம். ஒருமுறை வயிறு திறந்தவருக்கு, குடல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதாலும் பின்னாளில் அடைப்பு வரலாம். அடுத்த தடவை வயிற்றுக்குத்தும் வாந்தியும் வந்தால், அவசர சிகிச்சைப் பிரிவில் இருக்கும் இளம் வைத்தியர் தழும்பைப் பார்த்து அதைத்தான் முதலில் நினைப்பார். சேலைன் ஏற்றி, பட்டினி போட்டு, காத்திருந்து பார்க்கலாம் என்பார். ஒட்டுதலுக்கு அது பெரும்பாலும் சரியான சிகிச்சைதான், செருகலுக்கு அல்ல. நோயியல் அறிக்கையின் பிரதி ஒன்றைத் தங்கையின் கிளினிக் கொப்பிக்குள் ஒட்டி வையுங்கள், கைத்தொலைபேசியிலும் படமெடுத்து வையுங்கள். அதைக் காட்டி, அன்றைக்கே ஸ்கான் செய்து செருகல் இல்லையென்று உறுதிப்படுத்தும்படி கேளுங்கள்.